கலியாணக் காரின் கீறல்கள்

வெள்ளைக் காருக்கு யாரும் பொலிஷ் போடலாம், கறுப்புக் கார்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று கிருசாந்தன் அடிக்கடி சொல்லுவான். பரந்தன் சந்தியைத் தாண்டி ஆனையிறவுப் பக்கம் கொஞ்சத் தூரம் போனால் வீதியோரத்தில் அவனுடைய கடை. மூன்று கார் நிற்கக்கூடிய தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தாங்கி, பின்பக்கம் ஒரு வேம்பு. கறுப்புக் கார் எது வந்தாலும் அவன் தொடமாட்டான். சுமித்திராவைத்தான் கூப்பிடுவான்.

சுமித்திராவுக்கு இருபத்தொன்பது வயது. வவுனியாவில் ஒரு சேர்விஸ் நிலையத்தில் கார் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்து, அங்கே கொழும்பிலிருந்து வந்திருந்த ஒருவர் பொலிஷ் போடுவதைப் பார்த்துப் பார்த்தே கை பழகியவள். வீடு முறிகண்டிக்கு மேற்கே, அக்கராயன் வீதியில். தாய் சிவலட்சுமி தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறாள். தகப்பன் மூக்கன் இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டையின் கடைசி மாதங்களில், மாத்தளனில் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று போனவர், திரும்பி வரவில்லை. ஒரு பெண்பிள்ளை மெசினைப் பிடித்துக்கொண்டு காரோடு மல்லுக்கட்டுவதை வீதியால் போனவர்கள் முதலில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிப்போயிற்று.

அது ஆனி மாதம். சோளகக் காற்று விடிந்ததிலிருந்து புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கலியாணம், மாப்பிள்ளைக் கார் வருகிறது, கறுப்பு என்று மட்டும் கிருசாந்தன் சொல்லியிருந்தான். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தக் கார் வீதியிலிருந்து உள்ளே திரும்பியபோது சுமித்திரா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இலக்கத் தகட்டைப் பார்க்கவேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. இடது பக்கப் பின்கதவின் கீழே விரல் நுனி அளவு ஒரு நெளிவு. அது போதுமாயிருந்தது. அவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

நிரோஜனின் கார் அது. ஓட்டி வந்தவர் அவன் இல்லை. நரைத்த தலையோடு ஒரு மனிதர் இறங்கினார். மற்றப் பக்கத்தால் ஒரு வயதான அம்மா கையில் ஒரு பையோடு இறங்கினார். சுமித்திரா அவரை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஆனாலும் நிரோஜனின் தொலைபேசியில் எத்தனையோ தரம் பார்த்த முகம். அவனுடைய தாய் விமலேஸ்வரி.

இது யாருடைய கலியாணம் என்று கிருசாந்தனுக்கும் அப்போதுதான் விளங்கியது. அவன் மெல்ல அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“தங்கச்சி, இப்பவே சொல்லு. இடமில்லை எண்டு திருப்பி அனுப்பிவிடுறன்.”

“எங்கை அனுப்புவியள்?”

“கிளிநொச்சியிலை ஆரெண்டாலும் செய்வினம்.”

“இது ஏற்கெனவே நான் ஒருக்கா மெசினாலை ஆழமாத் தேய்ச்சு வெட்டின கார், அண்ணை. மேல்பூச்சு எவ்வளவு மிச்சமெண்டு எனக்குத்தான் தெரியும். தெரியாத ஆள் மெசினை வைச்சால் பெயின்ற் பிஞ்சு போயிடும்.”

“போனால் போகட்டும். உனக்கென்ன?”

அவள் கவிழ்த்து வைத்த வாளியைத் திரும்ப நிமிர்த்தினாள். தானே செய்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

நாலு வருசத்துக்கு முதல் நிரோஜன் இந்தக் காரைக் கொழும்பில் பழசாக வாங்கி நேரே இந்தக் கடைக்குத்தான் கொண்டுவந்தான். அவன் விவசாயப் போதனாசிரியர். வயல் வயலாகத் திரிகிற வேலை. கறுப்பு என்றால் எடுப்பாக இருக்கும் என்று ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது முகம் செத்துப்போய் நின்றான். பொனற் முழுக்கச் சிலந்தி வலை போல வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். ஆணியால் கீறியது போல ஒன்று இரண்டல்ல. ஆயிரக்கணக்கில். நிழலில் தெரியாது, வெயில் பட்டால் கண்ணைப் பறிக்கும்.

இது யாரோ வேண்டுமென்று கீறினது இல்லை, கழுவிக் கழுவி வந்தது என்று அன்றைக்கு அவள் விளங்கப்படுத்தினாள். நிறத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கீறல் எல்லாம் அதில்தான். அந்தப் பூச்சை மெசினால் ஒரு மயிரிழை தேய்த்து எடுத்தால் கீறலும் சேர்ந்து போய்விடும். ஆனால் அடிக்கடி அப்படி எடுக்க முடியாது. பூச்சு தீர்ந்தால் பிறகு பெயின்ற் அடிப்பதுதான் வழி. ஆகையால் இனிமேல் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, இரண்டு வாளி வைத்து அவனுக்குக் கழுவிக் காட்டினாள். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் தண்ணீரை அடித்துப் புழுதியை ஓடவிட வேண்டும். பிறகு பஞ்சுக் கையுறையால் மேலிருந்து கீழே, வட்டமாக அல்ல, நேராக. ஒவ்வொரு தரமும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புத் தண்ணீரில் தோய்க்க வேண்டும். அவன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான். அடுத்த மாதம் சரியாகக் கழுவியிருக்கிறேனா என்று காட்ட வந்தான். அதற்கடுத்த மாதமும் வந்தான். மூன்றாவது மாதம் கீறலைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

மூன்று வருசம் அப்படிப் போனது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் கடலை வாங்கிக் காருக்குள் இருந்து சாப்பிடுவார்கள். கோது ஒன்றுகூட இருக்கையில் விழக்கூடாது என்று அவள் மடியில் துணி விரித்து வைத்திருப்பாள். வீட்டில் சொல்லப் போகிறேன் என்று அவன் ஒவ்வொரு தைக்கும் சொன்னான். போன ஆடியில் சொன்னான். யாருடைய பிள்ளை, எந்த இடம் என்று தாய் கேட்டார். மலையகத்திலிருந்து வந்து குடியேறின ஆட்கள் என்று கேள்விப்பட்டதும் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. “உம்மடை பேரைக்கூட அம்மா கேக்கேல்லை, சுமி” என்று அவன் வந்து சொன்னான். தமையனும் தகப்பனும் ஷெல்லில் போன பிறகு தாய்க்குத் தான் ஒருவன்தான் மிச்சம் என்றும் சொன்னான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. பதினொரு மாதம் ஆகியிருந்தது.

காரை ஓட்டி வந்தவரும், மருமகனிடம் கேட்காமல் இந்தக் கடையைப் பிடித்தவரும் விமலேஸ்வரியின் தம்பி இளையதம்பி. அவர் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனார். விமலேஸ்வரி போகவில்லை. இப்படிப்பட்ட கடைகளில் காருக்குள் இருக்கிற நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழசைப் போடுவார்களாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் ஒளிக்கவுமில்லை. கோவிக்காதையுங்கோ, நான் இருந்து பார்க்கிறேன் என்று கிருசாந்தனிடம் நேராகவே சொல்லிவிட்டு, வேம்புக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சுமித்திரா தண்ணீரை அடித்தாள். கழுவித் துவட்டி, கொட்டகைக்குள் எடுத்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். பொனற், கூரை, டிக்கி எல்லாம் உழுத வயல் மாதிரிக் கிடந்தது. நாலு வருசத்துக்கு முதல் கிடந்ததை விட மோசம். இவ்வளவும் பதினொரு மாதத்துக்குள் எப்படி வந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் கேட்டேவிட்டாள்.

விமலேஸ்வரி எழுந்து கிட்ட வந்தார். முந்தி மகன்தான் கழுவுவானாம். இரண்டு வாளி வைத்து, கையுறை போட்டு, பிள்ளை குளிப்பாட்டுகிற மாதிரிக் கழுவுவானாம். தான் அதைப் பார்த்துச் சிரிப்பாராம். போன வருசத்திலிருந்து தொடுவதே இல்லை. வயலால் வந்து புழுதியோடு நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவான். பார்க்கப் பாவமாக இருந்ததால், காலையில் எழும்பிப் பழைய வேட்டித் துணியால் தானே தினம் தினம் துடைத்துவிடுகிறாராம்.

“ஈரத் துணியோ அம்மா, காய்ஞ்ச துணியோ?”

“காய்ஞ்சதுதான் பிள்ளை. வட்டமாப் போட்டு நல்லா அழுத்தித் துடைப்பன்.”

சுமித்திரா விளக்கை அணைத்துக் கீழே வைத்தாள். பிறகு புழுதி என்பது மண் என்றும், துணியால் தேய்க்கும்போது அந்த மண்தான் பூச்சில் இழுபடுகிறது என்றும் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். கிரவல் பாதைப் புழுதி இன்னும் மோசம். காய்ந்த துணியால் ஒருநாளும் துடைக்கவே கூடாது.

விமலேஸ்வரியின் கை வாய்க்குப் போனது. “அப்ப இவ்வளவும் நான் செய்ததோ?”

“தெரியாமல் செய்தது அம்மா. எடுத்துப்போடலாம்.”

அவள் வேலையைத் தொடங்கினாள். காருக்கென்றே விற்கிற பிசுபிசுப்பான களிமண் கட்டியைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து உருட்டி, கையில் தட்டுப்படுகிற பொருக்கு எல்லாவற்றையும் எடுத்தாள். விளிம்புகளிலும் றப்பர்களிலும் கடதாசி ரேப் ஒட்டினாள். பூச்சின் தடிப்பை அளக்கிற கருவியை ஒவ்வொரு இடமாக வைத்து எண்களைச் சோக்கால் கண்ணாடியில் எழுதினாள். பொனற்றில் பயந்த அளவுக்கு மோசமில்லை. கூரையில் குறைவு. அங்கே மெல்லிய பொலிஷ் மருந்தும் மெல்லிய பஞ்சும்தான் போட வேண்டும். மெசினை ஓடவிட்டு, ஒரு முழ அகலத்துக்கு மேல் போகாமல், குறுக்கே ஒருதரம், நெடுக்கே ஒருதரம் மெல்ல மெல்ல நகர்த்தினாள். துடைத்துவிட்டு விளக்கைப் பிடித்தபோது அந்த ஒரு முழத்துக்குள் மட்டும் கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் கறுப்பு நின்றது. விமலேஸ்வரி குனிந்து பார்த்தார். தன்னுடைய முகமே தெரிகிறது என்றார்.

அந்த அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. கதிரையை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மத்தியானத்துக்கு முதல் கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டார். பெண் பளையில் எடுத்திருக்கிறதாகவும், பெயர் கௌசலா, நேர்சரி ஆசிரியை, நல்ல அடக்கமான பிள்ளை என்றும் சொன்னார். பிறகு இடப்பெயர்வுக் கதை சொன்னார். உருத்திரபுரத்திலிருந்து உழவு இயந்திரத்தில் கிளம்பினது, தருமபுரம், விசுவமடு என்று இடம் இடமாக ஓடினது, மூத்தவனைப் பதுங்குகுழி வாசலிலேயே புதைத்தது. அழாமல்தான் சொன்னார். அந்தப் பதுங்குகுழிகளுக்குப் பக்கத்தில் எங்கேயோதான் பதின்மூன்று வயதுப் பிள்ளையாகத் தானும் கஞ்சிக்கு வரிசையில் நின்றேன் என்று சுமித்திராவுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. மெசின் சத்தத்துக்குள் கேட்டுக்கொண்டே வேலை செய்தாள்.

இந்த மனிசியை வெறுக்க வேண்டும் என்று பதினொரு மாதமாக எத்தனையோ தரம் மனதைக் கட்டியிருந்தாள். ஆனால் நேரில் காணாத ஒருத்தியை வெறுப்பது சுகமாக இருந்தது போல, மூக்கில் வியர்வையோடு பக்கத்தில் இருந்து கதை சொல்லுகிற மனிசியை வெறுக்க முடியவில்லை. அது அவளுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

சாப்பாட்டு நேரம் விமலேஸ்வரி பையைத் திறந்தார். வாழையிலையில் கட்டிய புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், முட்டை. சுமித்திராவின் பேக்கரிக் கறிப்பாணைப் பார்த்துவிட்டு, இதைத் தின்றுகொண்டா இந்த மெசினைத் தூக்குகிறீர் என்று கடிந்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பாதிப் புட்டைக் கிள்ளி அவளுடைய கையில் வைத்தார். முட்டையில் பெரிய பாதியும் வைத்தார். இருவரும் வேம்படியில் இருந்து சாப்பிட்டார்கள். கிருசாந்தன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

“கைவேலை தெரிஞ்ச பிள்ளை நீர். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீடு நல்லாயிருக்கும். கலியாணம் ஒண்டும் பேசேல்லையோ?”

“ஒரு இடம் வந்தது அம்மா. சரிவரேல்லை.”

“ஏனாம்?”

“அவரின்ரை அம்மாவுக்கு விருப்பமில்லையாம்.”

“உம்மை வந்து பாத்தவாவோ?”

“இல்லை. பாக்கேல்லை.”

விமலேஸ்வரி புட்டை உருட்டிய கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். “பாக்காமலே வேண்டாம் எண்டவாவோ? அவாவும் ஒரு மனிசியோ பிள்ளை. நல்லாயிருக்க மாட்டா.”

சுமித்திரா தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தாள். பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் விமலேஸ்வரிக்கு அடுத்த கேள்வி வாயில் இருந்தது. யாரைக் கண்டாலும் கேட்கிற கேள்விதான்.

“உம்மடை சொந்த இடம் எவடம்?”

பொய் சொல்லியிருக்கலாம். முறிகண்டி என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லுவதில்லை என்று அவள் பள்ளிக்கூடத்திலேயே முடிவெடுத்திருந்தாள்.

“நான் பிறந்து வளந்தது அக்கராயன் றோட்டிலை அம்மா. அப்பாவின்ரை அப்பா இரத்தினபுரிப் பக்கம் தோட்டத்திலை இருந்தவர். கலவரத்துக்கு இஞ்சாலை வந்தவையாம்.”

விமலேஸ்வரி ‘ஓ’ என்று மட்டும் சொன்னார். இலையைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். வேம்பிலிருந்து ஒரு பழுத்த இலை அவருடைய சாப்பாட்டில் விழுந்தது. அதை எடுத்துப் போடவில்லை. இரண்டு வாளி, கையுறை, முந்தியெல்லாம் மாதம் மாதம் பரந்தனுக்கு ஓடுகிற மகன். ஒவ்வொன்றாக அவர் சேர்த்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. எழுந்து போய்க் குழாயில் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்தபோது உட்காரவில்லை.

“உம்மடை பேர் என்ன பிள்ளை?”

“சுமித்திரா.”

“அண்டைக்கு நான் பேர்கூடக் கேக்கேல்லை” என்றார் விமலேஸ்வரி. அது அவளிடம் சொன்னது மாதிரி இல்லை. கொஞ்சம் பொறுத்து, “கலியாணக் காட் எல்லாம் குடுத்தாச்சு. அந்தப் பிள்ளையும் பாவம்” என்றார்.

“ஓம் அம்மா.”

அவர் கதிரையை மறுபடியும் வேம்படிக்கு எடுத்துக்கொண்டு போய் வீதியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மூன்று மணிக்கு இளையதம்பி அக்காவைக் கூட்டிப்போக வந்தார். போகும்போது விமலேஸ்வரி ஒருதரம் திரும்பிக் கொட்டகைக்குள் பார்த்தார். சுமித்திரா மெசினை நிறுத்தவில்லை. 

மறுநாள் வியாழக்கிழமை. மெல்லிய பொலிஷால் இரண்டாம் தரம் எடுத்து, மீதி எண்ணெயைத் துடைத்து, மேலே பாதுகாப்புப் பூச்சு பூசிக் காயவிட்டாள். நாலு மணிக்குக் கார் முடிந்தது. வெயிலில் எடுத்து நிறுத்தி நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. வானமும் மின்கம்பிகளும் பொனற்றில் அப்படியே கிடந்தன. இவ்வளவு நல்ல வேலை அவள் முன்னம் செய்ததில்லை.

காரை எடுக்க வந்தது நிரோஜன். அவனைக் கண்டதும் கிருசாந்தன் ரியூசன் வகுப்பிலிருந்து மகளைக் கூட்டிவர வேண்டும் என்று சொல்லி மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நிரோஜன் மெலிந்திருந்தான். தாடி வழித்திருந்தான். காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. தாய் ராத்திரி முழுக்க நித்திரை கொள்ளவில்லை என்று தொடங்கினான். வீட்டுக்கு வந்ததும் சாமியறைக்குள் போய் இருந்து அழுதாராம். காலையில் எழும்பி அவனைக் கூப்பிட்டுச் சொன்னாராம்.

“நீர் ஓம் எண்டால், அம்மா நாளைக்கே பளைக்குப் போறாவாம். காலிலை விழுந்தெண்டாலும் இதை நிப்பாட்டுறாவாம். தன்னாலைதான் வந்ததாம். உம்மட்டைக் கேட்டுக்கொண்டு வரச் சொன்னவா.”

இந்தச் சொல்லை எத்தனை நாள் கனவில் கேட்டிருப்பாள். பஸ்ஸில் போகும்போது, தண்ணீர் அள்ளும்போது, அவன் வந்து இப்படி நிற்பதாக எத்தனை தரம் நினைத்திருப்பாள்.  கையில் இருந்த துணியை மடித்தாள். மடித்ததைத் திரும்ப விரித்தாள்.

“நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“அம்மாவே ஓமெண்டிட்டா. இனி என்ன?”

“நான் அம்மாவைக் கேக்கேல்லை. உங்களைக் கேக்கிறன்.”

அவன் நிலத்தைப் பார்த்தான். “நான் என்ன சொல்ல சுமி. நீர் சொல்லுறதுதான்.”

அவள் காத்திருந்தாள். எனக்கு நீர்தான் வேணும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பாவம் பழி ஒன்றும் பார்க்காமல், பளையில் ஒருத்தி கூறைச் சேலையை மடித்து வைத்துக்கொண்டு இருக்கிறாள் என்றுகூட நினைக்காமல், அவள் போயிருப்பாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று போனது. யாழ்ப்பாணத்து பஸ் ஒன்று போனது. அவன் இன்னும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். போன வருசம் தாய் வேண்டாம் என்று சொன்னதைக் கொண்டுவந்து அவளிடம் சொன்னான். இன்றைக்குத் தாய் ஓம் என்று சொன்னதைக் கொண்டுவந்து சொல்லுகிறான். அவனுடையது என்று கொண்டுவர அவனிடம் ஒரு சொல் அப்போதும் இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

நல்லவன்தான். ஒருநாளும் அவளை ஏமாற்ற நினைத்தவனில்லை. அதுதான் அவளை உடைத்தது. இவ்வளவு நாளும் குற்றம் சொல்ல ஒரு மனிசி இருந்தார். அந்த மனிசி இல்லாவிட்டால் எல்லாம் நடந்திருக்கும் என்று நினைத்து அழுவதில் ஒரு ஆறுதல் இருந்தது. இனி அந்த ஆறுதலும் இல்லை.

“கௌசலாவுக்கு இந்தக் கதை தெரியுமோ?”

“தெரியாது.”

“தெரியவேண்டாம். போய்க் கலியாணத்தைக் கட்டுங்கோ.” அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். “அந்தப் பிள்ளை உங்களை ஏதாவது கேட்டால், அம்மாவைக் கேட்டுச் சொல்லுறன் எண்டு மட்டும் சொல்லாதையுங்கோ.”

அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. ஏதோ சொல்ல வாய் எடுத்தான். என்ன சொல்ல வந்தான் என்பதை அவள் கேட்கத் தயாராக இருக்கவில்லை. கலியாணக் கார் கொண்டுவருகிற எல்லோருக்கும் சொல்லுவதை அவனுக்கும் சொல்லத் தொடங்கினாள். பூக் கட்டுகிறவர்களைக் காரின் பொடியில் ரேப் ஒட்ட விடக்கூடாது. மாலையில் கம்பி இருந்தால் துணி சுற்றாமல் கட்டக்கூடாது. காற்றுக்கு மாலை ஆடி ஆடித்தான் கலியாணக் காரில் கீறல் விழுகிறது, ஆகையால் இழுத்துக் கட்ட வேண்டும். பூவை ராத்திரி முழுக்க விட்டு வைத்தால் கறை பிடிக்கும், அன்றைக்கே எடுத்துத் தண்ணீர் அடித்துவிட வேண்டும். அம்மா இனிக் காய்ந்த துணியால் துடைக்க வேண்டாம். அவன் முதல்நாள் கேட்ட மாதிரியே தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான்.

சாவியை அவனுடைய கையில் கொடுக்காமல் பொனற்றின் மேல் ஒரு பஞ்சுத் துணியை விரித்து அதில் வைத்தாள்.

“அம்மாவிலை எனக்குக் கோவமில்லை எண்டு சொல்லுங்கோ.”

அவன் போனான். கார் வீதியில் ஏறிக் கிளிநொச்சிப் பக்கம் திரும்பும் வரைக்கும் அவள் நின்றாள். பிறகு கொட்டகைக்குள் வந்து கண்ணாடி துடைத்த துணிகள், மெசினின் பஞ்சுகள் எல்லாவற்றையும் அள்ளிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டுக் கழுவத் தொடங்கினாள். கிருசாந்தன் வந்து பார்த்தபோது எல்லாம் கழுவி முடிந்திருந்தது. தண்ணீர் தெளிந்து ஓடிய பிறகும் அவள் கழுவிக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் தங்கச்சி என்று அவன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறப்பதில்லை என்பது இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்தக் கலியாணம் நிற்கவில்லை. குறித்த நாளில் குறித்த நேரத்தில்தான் நடந்தது. பத்து நாற்பதுக்குத் தாலி கட்டு என்று விமலேஸ்வரி புதன்கிழமை காலையில், ஒன்றும் தெரியாத நேரத்தில், அவளிடம் சொல்லியிருந்தார்.

அன்று காலை சிவலட்சுமி ஒரு கச்சான் தோட்டத்துக்குப் புல்லுப் பிடுங்கப் புறப்பட்டபோது சுமித்திராவும் பழைய சேட்டொன்றைப் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினாள். வீட்டில் தனியாக இருக்க அவளால் முடியவில்லை. தாய் ஏன் என்று கேட்கவில்லை. மகள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் வியாழன் இரவிலிருந்து பிள்ளை சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்புவதைத் தாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தலையில் சுற்ற ஒரு துவாயை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

ஆளுக்கு ஒரு வரிசையாகப் பிடித்துக் குந்தியிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். கோரைப் புல்லுக்கு வேர் ஆழம். ஒவ்வொன்றாக மண்ணைக் கிளறித்தான் எடுக்க வேண்டும். வெயில் ஏறியது. சுமித்திரா தொலைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். மணி என்ன என்று அவளுக்குத் தெரியாது. எத்தனை மணியாக இருக்கும் என்று மட்டும் நிமிசத்துக்கு நிமிசம் நினைத்தாள். பக்கத்துக் காணியிலிருந்து யாரோ ரேடியோவைப் போட்டார்கள். பதினொரு மணிச் செய்திகள் என்றது.

முடிந்திருக்கும்.

அவள் கையில் பிடித்திருந்த புல்லோடு வரிசையின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. துவாயை வாயில் அடைத்துக்கொண்டாள். நாலு வரிசைக்கு அப்பால் வேலை செய்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

சிவலட்சுமி திரும்பிப் பார்த்தாள். எழும்பி வரவில்லை. தன்னுடைய வரிசையைப் பிடுங்கிக்கொண்டே மகள் இருக்கிற இடம் வரைக்கும் வந்தாள். ஒருதரம் மண் கையால் அவளுடைய முதுகைத் தடவினாள்.

“குந்தியிரும்மா. குந்தியிரு.”

பிறகு நகர்ந்து நடுவில் குந்தி, இடக்கையால் தன்னுடைய வரிசையையும் வலக்கையால் மகளுடைய வரிசையையும் பிடுங்கிக்கொண்டு மெல்ல மெல்ல முன்னுக்குப் போனாள்.